மழை விடுமுறையில் பார்க்கப் படம் சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறை, வெளியே விடாத மழை. அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே விளையாடக்கூடப் பிள்ளைகளை அனுப்ப முடியவில்லை. அதனால் பார்த்து ரசித்த படங்களை இங்கே பகிர்ந்துகொள்வோம்.

நானே தொடங்குகிறேன். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ் கதை சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் பயத்தில் மாறுவதைக் கவனியுங்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

அப்புறம், பிள்ளைகள் தூங்கியபின் எரிக் கூ இயக்கிய ‘மை மேஜிக்’ (2008). நம் சிங்கப்பூர்ப் படம், பேசுவது தமிழ், கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவு வரை போனது. குடியில் விழுந்த வித்தைக்காரர் ஒருவர் மகனுக்காக எழுந்து நிற்கப் பார்க்கிறார். கண்ணாடியை மெல்லும் காட்சி உண்டு, சின்னவர்களுக்கு வேண்டாம். நம்மில் பலர் இதை இன்னும் பார்க்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

படத்தின் பெயரோடு எந்த வயதினருக்கு, எங்கே பார்க்கலாம் என்றும் எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள், திருட்டு இணைப்பும் வேண்டாம். தட்டச்சு செய்யச் சிரமப்படும் பெரியவர்கள் குரல்பதிவு அனுப்பினால் போதும், நான் எழுதிப் போடுகிறேன்.