ஆராய்ச்சித் தரவைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் நிதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 முதல் 2034 வரையிலான ஆராய்ச்சித் திட்டத்திற்கு 17,500 கோடி யூரோ ஒதுக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. நடப்பு ஏழாண்டுத் திட்டத்தின் 9,550 கோடி யூரோவோடு ஒப்பிட்டால் இது ஏறத்தாழ இரு மடங்கு. அந்தத் தொகையை எண்ணி ஏங்குவதால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை. ஆனால் கணினிகள், அதிவேக வலைப்பின்னல், தரவுக் களஞ்சியங்கள் ஆகியவற்றைப் பல நாட்டு விஞ்ஞானிகளுக்கும் பொதுவாக வைத்து நடத்துவதற்கு அங்கே அரசுப் பணம் எந்த முறையில் தரப்படுகிறது, அந்த முறையில் அவர்கள் எங்கே இடறினார்கள், எதைத் திருத்திக்கொண்டார்கள் என்பதை மதுரையிலும் அதைச் சுற்றியும் உள்ள பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் கூர்ந்து பார்க்க வேண்டும். பல்லாண்டு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஐரோப்பிய நாடுகள் கூட்டாக ஜெனீவாவை ஒட்டி நடத்தும் சேர்ன் இயற்பியல் ஆய்வகத்தின் துகள் மோதல் கருவியிலிருந்து வரவிருந்த தரவை ஒரே இடத்தில் வைத்துக் கணக்கிட முடியாது என்பது அக்கருவி இயங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெளிவாகிவிட்டது. எனவே பல நாடுகளின் கணினி மையங்களை ஒன்றாகக் கோத்துப் பயன்படுத்தும் முயற்சி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2001இல் தொடங்கியது. அதற்குக் கிடைத்த முதல் மானியம் 2004இல் முடிந்தது. அடுத்து வேறொரு பெயரில் ஒரு திட்டம் வந்தது. அதுவும் இரண்டிரண்டு ஆண்டுகளாக மூன்று கட்டங்களில் நடந்து 2010இல் நிறைவுற்றது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் புதிய விண்ணப்பம், புதிய மதிப்பீடு, பணி நீடிக்குமா என்ற கவலையோடு காத்திருக்கும் பொறியாளர்கள். ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் அன்றாடம் நம்பியிருந்த ஒரு சேவை இப்படித் தவணை முறையில் உயிர்வாழ முடியாது என்பதை உணர்ந்தே, 2010இல் ஆம்ஸ்டர்டாமில் இந்தக் கணினி மையங்களை ஒருங்கிணைக்கும் ஈஜிஐ என்ற அறக்கட்டளையை நிறுவி, உறுப்பு நாடுகளின் அமைப்புகள் ஆண்டுதோறும் சந்தா செலுத்தும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகும் திட்ட மானியங்களைச் சார்ந்திருக்கும் நிலை அடியோடு நீங்கவில்லை; என்றாலும், நாளை எழுந்தால் அமைப்பு இருக்கும் என்ற உறுதியாவது கிடைத்தது. சேர்னின் தரவை இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள ஏறத்தாழ 170 மையங்கள் பகிர்ந்து கணக்கிடுகின்றன. மும்பையின் டாடா ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையமும் அவற்றுள் அடங்கும்.

இந்த அனுபவத்திற்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியம் அதே வழியில் இன்னொரு முறை நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. எல்லாத் துறைகளின் ஆராய்ச்சித் தரவையும் ஒரே வாயிலில் கிடைக்கச் செய்யும் ‘ஐரோப்பியத் திறந்த அறிவியல் மேகம்’ 2016இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் நுழைவதற்கான ஆணையத்தின் சொந்த இணையத் தளம் திறக்கப்பட்டதோ 2024 அக்டோபரில். தனித்தனித் திட்டங்களாகப் பிறந்து, தனித்தனி விதிகளோடு வளர்ந்த சேவைகளை ஒன்றோடொன்று இணைத்து இயங்கவைப்பதிலேயே இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி கழிந்தது என்பது என் கணிப்பு. அந்த முயற்சிக்காக ஆணையம் அமைத்த நிபுணர் குழு, ஆராய்ச்சிச் செலவில் சராசரியாக 5 விழுக்காட்டைத் தரவைப் பேணும் பணிக்கென்றே ஒதுக்க வேண்டும் என்று 2016இல் பரிந்துரைத்தது. இந்த மடலில் வாசகர்கள் ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அது இந்த 5 விழுக்காடாக இருக்கட்டும்.

பணத்தைச் சரியான முறையில் தொடர்ந்து தந்தால் என்ன விளையும் என்பதற்கு உயிரியலில் ஒரு சான்று உண்டு. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்து வைக்கும் பொதுக் களஞ்சியம் 1971இல் அமெரிக்காவில் தொடங்கியது. இன்று அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகியவற்றின் மையங்கள் சேர்ந்து அதை நடத்துகின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2009இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த, செல்லுக்குள் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமின் வடிவங்கள் அதில் உள்ளன. மதுரை மாணவர் ஒருவர் ஒரு காசும் கொடுக்காமல் அவற்றை இறக்கிப் பார்க்கலாம். அரை நூற்றாண்டாக ஒரு நாளும் மூடப்படாமல் அந்தக் களஞ்சியம் பேணப்பட்டதனால்தான், அதிலுள்ள வடிவங்களைக் கொண்டு பழக்கப்பட்ட ஆல்ஃபாஃபோல்ட் என்ற, புரத வடிவங்களைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சாத்தியமாகி, அதை உருவாக்கியவர்களுக்கு 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1971இல் ஒரு நிதி அதிகாரி இதனால் என்ன பயன் என்று கேட்டிருந்தால், எந்த விஞ்ஞானியாலும் இந்த விடையைச் சொல்லியிருக்க முடியாது. ஐரோப்பாவின் இத்தகைய உயிரியல் களஞ்சியங்களை இணைக்கும் எலிக்சிர் அமைப்பிற்கு, உறுப்பு நாடுகள் தத்தம் தேசிய வருமானத்திற்கு ஏற்ற விகிதத்தில் ஆண்டுதோறும் பங்கு செலுத்துகின்றன. பின்லாந்தின் கயானியில், பழைய காகித ஆலை இருந்த இடத்தில் இயங்கும் லூமி மீத்திறன் கணினிக்கும் (சூப்பர் கம்ப்யூட்டர்) பாதிச் செலவை இத்தகைய கணினிகளுக்கான ஐரோப்பியக் கூட்டு நிறுவனமும் மறுபாதியைப் பங்குபெறும் நாடுகளும் ஏற்று, கணினி நேரத்தையும் அந்தக் கணக்கிலேயே பிரித்துக்கொள்கின்றன. யார் எவ்வளவு தருவது, யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது முன்கூட்டியே எழுத்தில் இருக்கிறது.

நம் பக்கத்திற்கு வருகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே, உயிரியல் தரவைக் கணினி கொண்டு ஆராயும் உயிரித்தகவலியல் மையம் அமைந்தது. இந்தியாவில் இத்துறைக்கு முதலில் இடம் கொடுத்த ஊர்களுள் மதுரையும் ஒன்று. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியனின் படங்கள் உள்ளன. இவ்வளவு நீண்ட, ஒரே சீரான சூரியப் பதிவுகள் உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே உண்டு. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். ஆய்வகத்தை நடத்தும் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அந்தப் படத் தகடுகளை எண்ணிம வடிவிற்கு மாற்றி உலக விஞ்ஞானிகளுக்குத் திறந்துவிட்டிருப்பது போற்றத்தக்க செயல். கண்ணாடித் தகடு ஓர் அலமாரியில் யாரும் தொடாமல் நூறாண்டு இருந்துவிடும். அதன் எண்ணிமப் படியோ, சேமிப்பு வட்டுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி, கோப்புகள் பழுதாகியுள்ளனவா என்று சோதித்து, இன்னோர் ஊரில் ஒரு பிரதியும் வைத்திருந்தால்தான் பிழைக்கும். அந்த வேலைக்கு முடிவுத் தேதி கிடையாது. ஆகவே அதற்கான நிதிக்கும் முடிவுத் தேதி இருக்கக் கூடாது.

கண்மாய் பார்த்து வளர்ந்த நம் மக்களுக்கு இது புதிய செய்தி அன்று. கண்மாயை ஒருமுறை வெட்டிவிட்டு, தூர் வாரவும் கரை பார்க்கவும் மடை திறக்கவும் ஆளும் கூலியும் இல்லாமல் விட்டால் சில ஆண்டுகளில் அது மேடாகிவிடும் என்பதை அறிந்தே குடிமராமத்து என்ற முறையை நம் முன்னோர் வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி நிதியில் மட்டும் நாம் வெட்டுவதற்குக் கொடுத்துவிட்டு மராமத்தை மறந்துவிடுகிறோம். நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், மானியத்தில் வாங்கிய சர்வர் திட்டக் காலம் முழுவதும் நன்றாகவே ஓடியது. திட்டம் முடிந்து, பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பப்பட்டதும், அதைக் கவனித்துவந்த தொகுப்பூதியப் பணியாளருக்கு வேலை இல்லாமல் போனது. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க எந்தச் செலவினத் தலைப்பிலும் இடமில்லை. மின்கலம் செயலிழந்து, வட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுதாகி, இரண்டு ஆய்வு மாணவர்கள் அதில் சேர்த்து வைத்திருந்த அளவீடுகள் மீட்க முடியாமல் போயின. தணிக்கையில் அந்த இயந்திரம் இன்றும் இருப்புப் பதிவேட்டில் சரியாக இருக்கும். எவர் மீதும் குறை சொல்வதற்கு அங்கே இடமில்லை; விதிகள் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. தமிழ்நாட்டில் இதே கதையைச் சொல்லக்கூடிய பேராசிரியர்கள் பலர் இருக்கிறார்கள்.

மத்திய அரசு பெருந்தொகைகளை ஒதுக்கவில்லை என்று யாரும் கூற முடியாது. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களை அதிவேகத்தில் இணைக்கும் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு 2010இல் 5,990 கோடி ரூபாயும், தேசிய மீத்திறன் கணினி இயக்கத்திற்கு 2015இல் 4,500 கோடி ரூபாயும் ஒப்புதல் பெற்றன. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 முதல் இயங்கும் பரம் பொருள் கணினி அந்த இயக்கத்தின் வழியே வந்தது. ஆய்விதழ்களை நாடு முழுவதற்கும் சந்தா கட்டிப் பெறும் திட்டத்திற்கு 2024 நவம்பரில் 6,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கிடைத்தது; அது 2027 வரையிலான மூன்றாண்டுக்கு உரியது. இவை எல்லாவற்றையும் வரவேற்கிறேன். ஆயினும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவி தான் திரட்டிய தரவை, தன் பட்டம் முடிந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தும்படி எங்கே ஒப்படைப்பது என்ற கேள்விக்கு, இவற்றுள் எதுவும் விடை தருவதில்லை.

தனியார் நிறுவனங்களிடம் சேமிப்பிடத்தை வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். குறுகிய காலத் தேவைக்கு அது பொருந்தலாம். நீண்ட காலத்திற்கு, விலையைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுவதும் மறுபக்கத்தில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கல்வி நிறுவனம் என்ற தகுதியை நீக்கியதனால் மென்பொருள் உரிமக் கட்டணம் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்ததாகவும், அதனால் மாற்று மென்பொருள்களைத் தேடுவதாகவும் சேர்ன் 2019இல் வெளிப்படையாக அறிவித்தது. உலகின் தலைசிறந்த கணினி வல்லுநர்களை வைத்திருக்கும் சேர்னுக்கே அந்த நிலை என்றால், தேனியிலோ சிவகங்கையிலோ உள்ள ஓர் அரசுக் கல்லூரி எந்த வலிமையில் பேரம் பேசும்?

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014–15இல் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை நடத்திவருகிறது. கிடைத்த பொருள்களுக்கு அழகிய அருங்காட்சியகம் எழுந்துவிட்டது. குழிகளின் அளவீடுகள், மண்ணடுக்குப் பதிவுகள், ஒளிப்படங்கள், காலக்கணிப்பு முடிவுகள் ஆகியவை பொருள்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஏனெனில் ஒரு குழியை இரண்டாம் முறை தோண்ட முடியாது. பிரிட்டனில் யார்க் பல்கலைக்கழகத்தில் 1996 முதல் இயங்கும் தொல்லியல் தரவு மையம், அகழாய்வுத் தரவை ஏற்கும்போதே ஒருமுறைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பிறகு தொடர்ந்து பேணுகிறது; ஆகவே அந்தக் கட்டணம் அகழாய்வின் மதிப்பீட்டிலேயே சேர்ந்துவிடுகிறது. ஐரோப்பிய நாடுகளின் தொல்லியல் தரவை ஒருங்கே தேட உதவும் அரியட்னே, 2013இல் ஒன்றிய நிதியில் தொடங்கி, மானியக் காலம் முடிந்த பின் பங்கேற்ற நிறுவனங்களின் சங்கமாக நிலைபெற்றது. நம் அகழாய்வுகளின் ஒவ்வொரு கட்ட மதிப்பீட்டிலும் தரவு ஒப்படைப்புக்கு ஒரு வரி சேர்த்தால், பெரிய சட்டத் திருத்தம் எதுவுமின்றியே இதை இங்கும் தொடங்க முடியும்.

மாநில அரசின் உயர்கல்வித் துறைக்கும் நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள் இது. மாநிலம் வழங்கும் ஆராய்ச்சி மானியங்களில் 5 விழுக்காட்டைத் தரவைப் பேணுவதற்கென்று பிரித்து, மூலதனச் செலவில் சேர்க்காமல், ஆண்டுதோறும் தொடரும் செலவினமாகத் தனித் தலைப்பில் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்திற்கு ஒரு களஞ்சியம் என்று சிதறவிடாமல், எல்லா மாநிலப் பல்கலைக்கழகங்களும் பங்கு செலுத்தும் ஒரு பொதுக் களஞ்சியத்தை அமைத்து, அதன் நிர்வாகக் குழுவில் அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர்களுக்கும் இடம் தர வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தரவு மேலாளர் என்ற பதவியை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அனுமதிக்கப்பட்ட நிரந்தரப் பணியிடங்களில் சேர்த்து, உதவி நூலகருக்கு இணையான ஊதிய விகிதமும் பதவி உயர்வும் அதற்கு அளிக்க வேண்டும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தின் உயர்கல்வி மானியக் கோரிக்கை விவாதத்தில் மதுரை மாவட்ட உறுப்பினர் ஒருவரேனும் இந்தப் பணியிடம் குறித்துக் கேள்வி எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.