உடன் செல்ல ஒருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பாலியல் வன்முறையில் ஈடுபடுவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் கடந்த வாரம் எழுதியிருந்தார். எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால், அது நடந்த அன்றிரவே பாதிக்கப்பட்ட பெண் யாருடைய கதவைத் தட்டுவது என்பது குறித்து நாம் பேசுவதேயில்லை.

நான் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள். சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் லயத்தில் இக்கொடுமைக்கு ஆளான இளம்பெண்ணை அவள் தாயார் உடனே குளிப்பாட்டி, உடுத்தியிருந்த துணியையும் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். நான் போனபோது கொடியில் அது இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும், குளித்துவிட்டிருந்தாலும் தயங்காமல் போகலாம் என்பதையும் எங்களில் எவருக்கும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

இத்தகையோருக்காக அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் ஓ.எஸ்.சி.சி. எனும் சேவை மையம் இயங்குகிறது. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில்தான் இது முதலில் தொடங்கப்பட்டது. தனி அறையில் பரிசோதனை, சிகிச்சை, மனநல ஆலோசனை, போலீஸ் புகாருக்கான உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவதே இதன் நோக்கம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. புகார் செய்வதா வேண்டாமா என்று வீட்டில் கூடிப் பேசி முடிவதற்குள் இந்த நேரம் கழிந்துவிடுகிறது.

நாங்கள் போன மருத்துவமனையில், பத்துப் பேர் காத்திருந்த முகப்பிடத்திலேயே என்ன நடந்தது என்று உரக்கக் கேட்டார்கள். அவள் மலாய்மொழியில் நன்றாகப் பேசக்கூடியவள். அன்று வாயில் வந்ததோ தமிழ் மட்டுமே, அதுவும் பாதிப் பாதி வாக்கியமாக. நான்தான் எடுத்துச் சொன்னேன். நீங்கள் இல்லையென்றால் திரும்பியிருப்பேன் என்று பிறகு அவள் என்னிடம் சொன்னாள்.

ஆகவே, ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களாவது, எந்நேரத்திலும் உடன்செல்ல முன்வருபவர்களாக, சொன்னதை வெளியே விடாதவர்களாக இருக்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் மகளிர் பிரிவும் நினைத்தால் இது ஒரு மாத வேலை. (கோயில் அறிவிப்புப் பலகையில் உதவி எண்ணை ஒட்டலாமா என்று கேட்டேன். "இங்கே போய் இதையா?" என்றார் பொறுப்பாளர். இப்போது அது மளிகைக் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.)

அந்த எண் 15999. மகளிர் அமைச்சின் தாலியான் காசே எனும் தொலைபேசி உதவிச் சேவை, 24 மணி நேரமும் இயங்குவது. அதை வாரந்தோறும் உங்கள் ராசிபலன் பகுதிக்குக் கீழே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளும் பெண்ணை வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்