செயலாளரின் ஆண்டறிக்கை: நம் வீட்டு எலுமிச்சை மரங்கள்

தலைவர் அவர்களுக்கும் பினாங்கு வீட்டுத்தோட்டச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு செயலவைக்கு வந்த முறையீடுகளில் பெரும்பாலானவை எலுமிச்சை, நாரத்தை, லீமாவ் கஸ்தூரி மரங்களின் இலை மஞ்சளிப்பதைப் பற்றியே இருந்ததால், வீடு வீடாகச் சென்று மரங்களைப் பார்ப்பதையே முதன்மைப் பணியாக மேற்கொண்டோம்.

இலையில் வளைந்து செல்லும் வெள்ளித் தடம் இலைத் துளைப்பான் புழுவினுடையது; வளர்ந்த மரத்திற்கு அதனால் பெருங்கேடு இல்லை. கரி பூசினாற்போன்ற படலம், மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீரின்மேல் வளரும் பூஞ்சணம். இலையின் இரு பக்கமும் தடித்து, மஞ்சள் வளையத்தோடு தோன்றும் சொரசொரப்பான புள்ளிகள் சொறி நோயின் அடையாளம். மழைச்சாரலில் பரவும் பாக்டீரிய நோயாதலால், மரம் நனைந்திருக்கையில் கிளைகளை வெட்ட வேண்டாம். பறவை எச்சமென்று நான் துடைக்கப்போனது ஒரு வீட்டில் நகர்ந்துவிட்டது. அது வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு.

நாம் அஞ்ச வேண்டியது பசுமையாதல் நோய் ஒன்றுக்கே. சத்துக் குறைவால் வரும் மஞ்சள் நடுநரம்பின் இருபுறமும் ஒத்திருக்கும்; இந்நோயிலோ ஒரு பக்கத்துத் திட்டு மறுபக்கத்தோடு பொருந்தாது, காய் சிறுத்துக் கோணலாகும். இவ்வேறுபாட்டை அறியாமல், மஞ்சளித்த எல்லா மரங்களுக்கும் துத்தநாகம் தெளிக்கச் சொன்னது சென்ற ஆண்டுச் செயலவையின் தவறு. அப்போதும் செயலாளராக இருந்தவன் நானே. நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. இலையைப் பார்த்துச் சந்தேகம்தான் கொள்ள முடியும் என்பதால், ஆய்வுக்கூடச் சோதனைக்குப் பின்னரே மரத்தை அகற்றுமாறு சொல்லிவருகிறோம்.

இந்நோயைப் பரப்பும் சில்லா என்னும் சாறுண்ணி 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே உடையது; வாலைத் தூக்கிச் சாய்வாக உட்காரும். அதன் குஞ்சுகள் வெண்மெழுகு நூல் போன்ற கழிவை வெளியிடும். கொழுந்தில்தான் அது முட்டையிடுவதால், துளிர்விடும் நாட்களில் பூதக்கண்ணாடியோடு பார்ப்பதே பயன் தரும். கறிவேப்பிலையிலும் அது பெருகும். அதற்காகக் கறிவேப்பிலை மரத்தை வெட்டுங்கள் என்று நம் வீடுகளில் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதன் கொழுந்தையும் சேர்த்துச் சோதித்தால் போதும் என்பதே என் கருத்து.

ஆனால் மண்டபத்து வேலியாக நிற்கும் கெமுனிங் செடி அப்பூச்சிக்கு மிகவும் உகந்த இடம். யாரும் உண்ணாத அவ்வேலியை அகற்றி வேறு செடி நட வேண்டும் என்னும் தீர்மானத்தை, பொருளாளரின் கணக்கறிக்கைக்குப் பின் உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு வைக்கிறேன்.