காக்ஸ் ராஜினாமா செய்யாத நாள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பிறகும் வேலை உங்களை விட்டபாடில்லை என்பதோ, அந்தக் கல்வி அறக்கட்டளை தன் கணக்கு வழக்குகளை விசாரித்து அறிக்கை தரும்படி உங்களைத் தேடி வந்திருப்பதோ எனக்கு வியப்பளிக்கவில்லை. இங்கே கண்புரை அறுவைக்குப் பின் மீண்டும் நன்றாகப் படிக்க முடிகிறது. படிப்பதெல்லாம் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றித்தான். ஒப்புக்கொள்ளலாமா என்ற உங்கள் கேள்விக்கும் அவரை முன்வைத்தே பதில் சொல்லத் தோன்றுகிறது.

எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆட்கள் புகுந்ததையும் அதை மூடிமறைத்ததையும் பற்றிய வாட்டர்கேட் வழக்கில் ஜனாதிபதி நிக்சனை எதிர்த்து நின்றவர் என்றுதான் நாம் அவரை அறிவோம். ஆனால் 1973இல் அந்த வழக்கின் சிறப்பு வழக்கறிஞர் பொறுப்பு வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அரசுப் பணியில் நன்றாக அடிபட்டுத் தேறியிருந்தார். 1952இல் அன்றைய ஜனாதிபதி ட்ரூமன் அவரை, ஊதிய உயர்வுகளுக்கு வரம்பு கட்டிய ஊதிய நிலைப்படுத்தல் வாரியத்தின் தலைவராக்கினார். நிலக்கரித் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 1.90 டாலர் உயர்வு என்று ஒப்பந்தமாகியிருக்க, 1.50 டாலருக்கு மேல் கூடாது என்றது வாரியம். அந்த முடிவை ஜனாதிபதியே புறந்தள்ளி முழுத் தொகைக்கும் அனுமதி வழங்கியதும் காக்ஸ் ராஜினாமா செய்துவிட்டு ஹார்வர்டுக்குப் பாடம் நடத்தத் திரும்பிவிட்டார். பின்னர் கென்னடி ஆட்சியில், உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரலானார். 1901க்குப் பிறகு தொகுதிகளையே மறுவரையறை செய்யாத டென்னசி மாநிலத்தின் மீதான வழக்கில், இது அரசியல் சங்கதி என்று நீதிமன்றம் ஒதுங்கிவிட முடியாது என வாதிட்டு, 1962இல் உச்ச நீதிமன்றத்தை ஏற்கச் செய்தார்.

உங்கள் காரியத்துக்கு இவற்றைவிட நெருக்கமானது 1968ஆம் ஆண்டுக் கொலம்பியா பல்கலைக்கழக விசாரணை. மாணவர்கள் கட்டடங்களைக் கைப்பற்றியதும், நியூயார்க் போலீஸ் உள்ளே புகுந்து எழுநூறு பேருக்கு மேல் கைது செய்ததும் நாடெங்கும் செய்தியானபோது, அங்கிருந்த பேராசிரியர்களின் செயற்குழு ஓர் உண்மையறியும் குழுவை அமைத்துக் காக்ஸைத் தலைவராக்கியது. கலகக்காரர்களைச் சாடிவிட்டு நிர்வாகத்தின் தவறுகளைப் பூசி மெழுகிவிடும் அறிக்கை வரும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மாணவர்கள் கையாண்ட வழியை அவர் கண்டித்தார். நிர்வாகத்தின் எதேச்சாதிகாரப் போக்கு அவநம்பிக்கையை வரவழைத்தது என்றும் ஒளிவுமறைவின்றி எழுதினார். நிறுவனம் கேட்டுப் பெறும் அறிக்கையில் நிறுவனத்தின் மீதே குற்றம் எழுதுவது எத்தனை அரிது என்பது நீங்கள் அறியாததல்ல.

இனி வாட்டர்கேட். சிறப்பு வழக்கறிஞர் ஒருவரை நியமித்தால்தான், நீதித்துறையின் தலைமையான அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஒப்புதல் தருவோம் என்று செனட் உறுப்பினர்கள் நெருக்கியதால், எலியட் ரிச்சர்ட்சன் தன் பழைய ஆசிரியரான காக்ஸை அழைத்தார். காக்ஸ், 1960இல் நிக்சனை எதிர்த்துப் போட்டியிட்ட கென்னடியின் தேர்தலுக்கு உழைத்தவர். அவர் சேர்த்த வக்கீல்களில் பலரும் அந்த முகாமைச் சேர்ந்தவர்கள். ஆகவே நிக்சன் தரப்பின் சந்தேகத்தை வெறும் பொய் என்று நான் தள்ளமாட்டேன். ஆனால் நியமன உத்தரவில் ஒரு வரி இருந்தது: அசாதாரணமான முறைகேட்டில் ஈடுபட்டாலன்றி அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கூடாது. எல்லாம் பிறகு அந்த ஒரு வரியில்தான் வந்து நின்றது.

வெள்ளை மாளிகைப் பேச்சுகள் ஒலிநாடாவில் பதிவாகியிருப்பது ஜூலையில் வெளிவந்ததும், காக்ஸ் ஒன்பது பதிவுகளுக்குச் சம்மன் அனுப்பினார். நீதிபதி சிரிக்காவும், அக்டோபர் 12 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தன. நிக்சன் அப்போது ஒரு சமரசம் பேசினார்: செனட்டர் ஸ்டென்னிஸ் ஒலிநாடாக்களைக் கேட்டு, வெள்ளை மாளிகை தரும் எழுத்துச் சுருக்கத்தைச் சரிபார்ப்பார், அதற்குப் பிறகு காக்ஸ் எந்த ஒலிநாடாவுக்காகவும் நீதிமன்றப் படி ஏறக் கூடாது. காது சரிவரக் கேளாத ஒருவரை ஒலிநாடா கேட்க அமர்த்தியதை என்னவென்று சொல்வது!

இதை ஏற்காத காக்ஸ், அக்டோபர் 20, சனிக்கிழமை, நிருபர்களைச் சந்தித்தார். காலைப் பத்திரிகையில் தன்னை எதிர்த்து நிற்பவராகத் தலைப்பிட்டிருந்ததைச் சொல்லி, தனக்கு அப்படியொன்றும் தோன்றவில்லை என்றும், சண்டை தனக்குப் பிடிக்காது என்று காலையில் மனைவியிடமும் சொன்னதாகவும் தொடங்கினார். பிறகு வகுப்பெடுப்பவரைப் போல, சுருக்கம் ஏன் சாட்சியமாகாது, தன்னை நீக்கும் அதிகாரம் ஏன் அட்டர்னி ஜெனரலுக்கு மட்டுமே உண்டு என்பதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். அன்று மாலை, காக்ஸை நீக்கும்படி நிக்சனிடமிருந்து வந்த உத்தரவை ஏற்காமல் ரிச்சர்ட்சன் விலகினார். அடுத்த நிலையிலிருந்த ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்தார். மூன்றாமவரான போர்க் கையெழுத்திட்டார். காக்ஸின் அலுவலகத்தை எஃப்.பி.ஐ. காவலில் கொண்டுவந்தது. தந்திகள் வெள்ளமாய் வந்து குவிய, சில நாட்களிலேயே ஒலிநாடாக்களை ஒப்படைப்பதாக நிக்சன் இறங்கிவந்தார். அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று நவம்பரில் ஒரு மாவட்ட நீதிமன்றம் அறிவித்தது.

நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதைத்தான்: 1952இல் உடனே விலகியவர், 1973இல் ஏன் விலகவில்லை? என் கணிப்பில், வாரியத் தலைவர் என்ற முறையில் அவர் கையில் இருந்ததெல்லாம் ஜனாதிபதி தந்த அதிகாரம். வாரியத்தின் முடிவை அந்த ஜனாதிபதியே புறந்தள்ளிய பின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை. 1973இலோ கையில் எழுத்துமூலமான உறுதிமொழியும் நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தன. தானாக விலகியிருந்தால் இரண்டையும் எதிர்த்தரப்புக்கு எழுதிக் கொடுத்ததாகியிருக்கும். அவர் போகாததால்தான் அவரை அனுப்புகிற பழியை யாராவது ஒருவர் கையெழுத்திட்டு ஏற்க வேண்டி வந்தது.

ஆகவே அறக்கட்டளை தரவிருக்கும் நியமனக் கடிதத்தின் வாசகம் என்ன என்பதுதான் என் கேள்வி. உங்களை விடுவிக்கும் அதிகாரம் யாரிடம், எந்தக் காரணத்துக்காக? மினிட்ஸ் புத்தகத்தையும் வங்கிக் கணக்கையும் கேட்ட அன்றே தருவார்களா, அல்லது ஆடிட்டர் தயாரித்த சுருக்கம்தான் கிடைக்குமா? அறிக்கை அறங்காவலர்கள் அனைவருக்கும் போகுமா, செயலாளரின் மேசையோடு நின்றுவிடுமா? இவற்றுக்கு வாய்மொழியாக என்ன சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வரைவு வந்ததும் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருத்தி அடுத்த தபாலிலேயே திருப்பிவிடுகிறேன். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் உங்கள்,
பழைய அறைத்தோழன்