ஓய்வுபெற்ற கருவூலம், கணக்கு, தணிக்கைப் பணியாளர் சங்கம்: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

(15.06.2025 ஞாயிறு, பொதுக்குழுவில் வாசித்தது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் 31 உறுப்பினர்களே,

பதிவேட்டில் நாம் 86 பேர். அழைப்பிதழில் காலை 10 மணி என்று போட்டோம். கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்கணக்கு (கோரம்) சேர்ந்தது 10.50-க்கு. அதுவும் டிபன் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்ட பிறகு.

வழக்கமான செய்திகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். செயற்குழு 12 முறை கூடியிருக்க வேண்டும், 7 முறை கூடியது. மூன்று உறுப்பினர்களை இழந்தோம். மூன்று வீட்டுக்கும் மாலையோடு போனோம், குடும்ப ஓய்வூதியத் தாள்களில் இரண்டு முடிந்தது, ஒன்று பெயர் எழுத்துப் பிழையால் நிற்கிறது. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதைச் சரிபார்க்கும் ஆண்டு நேர்காணலில் கைரேகை விழாத ஒன்பது பேரைக் கருவூலத்துக்கு அழைத்துப் போய்வந்தோம். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினம் வெள்ளத்தின் காரணமாக டீ, பிஸ்கட்டோடு முடிந்தது. பொங்கல் விளையாட்டில் மியூசிக்கல் சேரில் ஒருவர் விழுந்தார், அடி இல்லை.

ஊராட்சிக் கணக்குச் சந்தேகங்களுக்கு விடை சொல்ல நாம் போட்ட சனிக்கிழமை மேசை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் இதை முன்வைத்தபோது, "ஓய்வு பெற்ற பிறகும் ஆபீஸா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். சங்கம் இருப்பது அகவிலைப்படிக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும்தான், ஊராட்சிக்காரர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க இல்லை என்றார். அவருக்குக் கைதட்டலும் கிடைத்தது. தீர்மானம் 14-க்கு 12 என்று தப்பிப் பிழைத்தது. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் நான் கணக்கு ஒப்பிக்கக் கடமைப்பட்டவன்.

வாடகை அறையில் ஒரு மேசை, நான்கு நாற்காலி, சனிக்கிழமை 10 முதல் 1 வரை. ஊராட்சித் தலைவர், செயலர், வார்டு உறுப்பினர், வரி கட்டுபவர், யார் வந்தாலும் கணக்கு பற்றிய சந்தேகத்தைக் கேட்கலாம். காசு கிடையாது. ஜூன் முழுவதும் ஒருவரும் வரவில்லை. நானும் பொருளாளரும் பேப்பரை மாற்றி மாற்றிப் படித்தோம்.

ஜூலையில் பெண்ணையாற்றங்கரை ஊராட்சி ஒன்றின் தலைவி வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே மூன்று பாஸ்புக், ரப்பர் பேண்ட் போட்ட ரசீதுக் கட்டு, ஒரு பொட்டலம் முந்திரி. முந்திரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். (பொருளாளர் நான்கு எடுத்தார். பதிவுக்காகச் சொல்கிறேன்.)

"காலனித் தெருவுல விளக்கு எரியல சார். பாஸ்புக்குல பணம் இருக்கு. எடுத்துப் போடக் கூடாதுங்கறாங்க. அது எப்பிடி சார்?"

நம்மில் பலருக்குத் தெரிந்த விடைதான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊராட்சிப் பணம் ஒரே பெட்டியில் இல்லை. முதல் கணக்கு பொது நிதி, வீட்டு வரி வந்து விழுகிற இடம். இரண்டாவது மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும். மூன்றாவது திட்டங்களுக்கு. அப்புறம் டெல்லியிலிருந்து வரும் நிதிக்குழு மானியம். மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு பிரித்துச் சொல்வதும் இந்த நிதிக்குழுதான். 15-வது நிதிக்குழு 2021-26-க்குக் கிராமங்களுக்குப் போட்ட நிபந்தனைப்படி அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே. மீதி 40 சதவீதத்தை இந்த அம்மா ஏற்கெனவே ஒரு சிறுபாலத்தில் போட்டுவிட்டார். பொது நிதியோ கூலி கொடுத்தே காலி. ஆக, தெருவிளக்கு எரிந்தால் கரண்ட் பில் கட்ட ஒரு கணக்கு இருக்கிறது, பல்பு வாங்கத்தான் பணமில்லை.

இதை நான் விளக்கி முடித்ததும் அவர் சொன்னது: "விதியெல்லாம் சரி சார். தணிக்கையில எழுதிட்டுப் போறது நீங்க. அந்தத் தெரு வழியா தெனமும் நடந்து போறது நான்."

31 ஆண்டு தணிக்கையில் இருந்தவன் நான். "தீர்மானமின்றிச் செய்த செலவு, ஏற்பதற்கில்லை" என்ற வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதியது தப்பு என்று இப்போதும் சொல்லமாட்டேன். அந்த வரிக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வழி ஒன்றுதான் இருந்தது. வீட்டு வரி பாக்கி. "வரி கேட்டா ஓட்டுப் போவும் சார்" என்று தயங்கினார். கேட்காவிட்டால் விளக்கு எரியாது, அப்போதும் ஓட்டுப் போகும் என்றேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பாக்கிப் பட்டியலை அவர் வாசித்தார். பின்வரிசையில் சலசலப்பு. பட்டியலில் முதல் பெயர் அவருடைய சொந்த மைத்துனர். அந்த மைத்துனர் மறுநாளே கட்டிவிட்டார், மற்றவர்கள் அவர் பின்னால் வந்தார்கள். மாதக் கடைசியில் 11 விளக்கு எரிந்தது. நானும் இரண்டு உறுப்பினர்களும் போய்ப் பார்த்தோம்.

நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்ததும் பெண்ணையாறு ஊருக்குள் வந்தது. அந்தத் தலைவி யாரையும் கேட்கவில்லை. ஜேசிபி, இரண்டு டிராக்டர், பள்ளிக்கூடத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் வாய்ச்சொல்லில். தீர்மானம் இல்லை, விலைப்புள்ளி இல்லை, பாதிக்கு ரசீதும் இல்லை. அவசரத்தில் தலைவர் செலவு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு, பிறகு மன்றத்தில் வைத்தாக வேண்டும். ஆனால் 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடியவிருந்தது. நம் கடலூரும் அதில் ஒன்று. வெள்ளம் வந்த நாளிலிருந்து எண்ணினால் 34 நாள்.

டிசம்பரில் மூன்று சனிக்கிழமை இந்த ஒரு பைதான் மேசையில் இருந்தது. ஜேசிபிக்காரரை வரவழைத்து வண்டி எண், மணி, இடம் என்று நாள்வாரியாக எழுதி வாங்கினோம். செல்போன் படங்களைத் தேதிப்படி அடுக்கினோம். அரிசிக் கடைக்காரர் மட்டும் "நான் பில்லுக்காகவா குடுத்தேன்?" என்று கடைசிவரை கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தொகையைத் தலைவி தன் கையிலிருந்தே ஏற்றுக்கொண்டார். டிசம்பர் கடைசி வாரம் மன்றம் கூடி மற்ற செலவை ஏற்றது. ஜனவரி 6 முதல் மன்றத்துக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. ஜேசிபிக்காரருக்குப் பாதிப் பணம் இன்னும் வரவில்லை, அவர் திட்டுவது முன்னாள் தலைவியை. தனி அலுவலரையும் நான் குறை சொல்லமாட்டேன். தான் பார்க்காத வெள்ளத்துக்கு, தான் கூப்பிடாத வண்டிக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் நாற்காலியில் இருந்தால் நானும் இரண்டு முறை யோசிப்பேன்.

மார்ச்சில் வந்தவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்காரர்கள். கூலி மாதக்கணக்கில் ஏறவில்லை. மாநிலம் முழுக்க மத்திய அரசு தர வேண்டிய பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று தமிழக அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவர்களுக்கு டெல்லி தெரியாது, ஊராட்சிச் செயலரைத் தெரியும். திட்டு முழுவதும் அவருக்கு. அவர் எங்கள் மேசைக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார், கேள்வி எதுவும் கேட்கவில்லை.

மொத்தம் 33 சனிக்கிழமை, அறுபது பேருக்கு மேல். மேசையில் ஆள் முறை போட்டது பத்து உறுப்பினர்களுக்கு. தொடர்ந்து வந்தவர்கள் மூன்று பேர். மற்ற ஏழு பேருக்கும் சனிக்கிழமைதோறும் கல்யாணம் இருந்திருக்கிறது. வாழ்த்துகள்.

பிப்ரவரியில் 'நிதி எங்கே நிற்கிறது?' என்ற தலைப்பில் என் உரை. கேட்டவர்கள் பதினொரு பேர், அதில் நால்வர் அடுத்த நிகழ்ச்சிக்கு நாற்காலி பிடிக்க வந்தவர்கள். சொன்னதைச் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். பல்பு வாங்க முடியாத தலைவியின் நிலைமைதான் மேலே போகப் போக. பகிர்ந்தளிக்கும் மத்திய வரியில் தமிழ்நாட்டின் பங்கு 12-வது நிதிக்குழுவில் 5.305 சதவீதம், 15-வதில் 4.079. வருமான இடைவெளிக்கு, அதாவது பணக்கார மாநிலத்தைவிட தனிநபர் வருமானம் எவ்வளவு குறைவு என்பதற்கு, மட்டும் 45 சதவீத எடை போட்டார்கள். சம்பாதிக்கிற பிள்ளைக்குச் சொத்தில் குறைவாக எழுதுகிற கதை. ஏழை மாநிலத்துக்குக் கூடத் தர வேண்டும் என்பதும் நியாயம்தான், வீட்டில் நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் குறையும் பங்கோடு, நிபந்தனை போட்ட மானியமும் வரும்போது நிதி அமைச்சர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கை கட்டித்தான் இருக்கும். 2021 ஆகஸ்டில் அப்போதைய மாநில நிதி அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று சொன்னபோது நம் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள் ஒரே கொதிப்பு. அந்தக் கடனில் நம் ஓய்வூதியமும் ஒரு பகுதி என்று நான் எழுதினேன். குழுவிலிருந்து இருவர் விலகினார்கள்.

சொத்து வரியும் அப்படியே. சென்னைக்கு வெளியே நகரங்களில் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு இல்லை. 2018-இல் உயர்த்தினார்கள், உள்ளாட்சித் தேர்தல் நெருங்கியதும் 2019 நவம்பரில் நிறுத்தினார்கள். கடைசியில் 2022 ஏப்ரலில் வீடுகளுக்கு அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை ஒரே தாவில் ஏறியது. உயர்த்தாவிட்டால் நகரங்களுக்கு நிதிக்குழு மானியம் கிடைக்காது என்ற நிபந்தனை பின்னால் இருந்தது. ஆண்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றியிருந்தால் யாருக்கும் உறைத்திருக்காது. ஏற்றுகிறவருக்குத்தான் அந்த ஐந்து ரூபாய்க்கும் ஒரு தேர்தல் குறுக்கே வந்துவிடுகிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. நம் ஆண்டுச் சந்தா 240 ரூபாய். 2011-இலிருந்து அதே 240. சென்ற ஆண்டு 360 ஆக்கலாம் என்ற தீர்மானத்தை, நிர்வாகிகள் தேர்தல் இருப்பதால் ஒத்திவைக்கலாம் என்று ஒத்திவைத்தோம். முன்மொழிந்தவனும் நான், ஒத்திவைக்கக் கை தூக்கியவனும் நான்.

அந்த 240-ஐயும் கட்டியவர்கள் 49 பேர். கட்டாதவர்கள் 37. இவ்வாண்டுப் பாக்கி மட்டும் 8,880 ரூபாய், பழையது தனி. பட்டியலில், தன் காலத்தில், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லும் மீள்வசூல் குறிப்பு எழுதுவதில் மாவட்டத்துக்கே பேர்போன அதிகாரி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். மூன்று கடிதம் எழுதினேன். நான்காவதாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், இரண்டு நீல டிக் விழுந்தது. பதிலுக்கு ஒரு காலை வணக்கம் வந்தது, தாமரைப்பூ போட்டு.

வரவு செலவு பற்றிப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம் என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். 'இதர செலவு' கொஞ்சம் கூடியிருக்கிறது, அது பெரும்பாலும் டீ. ஒரு உறுப்பினரின் மகன் சிங்கப்பூரிலிருந்து 20,000 ரூபாய் அனுப்பினார், பீரோ வாங்க மட்டும் என்று எழுதி. நல்ல ஸ்டீல் பீரோ, உள்ளே வைக்க இன்னும் ஒன்றும் இல்லை. அதே மாதங்களில் அறையின் கரண்ட் பில்லை யார் கட்டினார் என்பதை நான் சொல்வது அழகாக இருக்காது.

அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்தவருக்கும், நாற்காலி தந்த திருமண மண்டபத்தாருக்கும், டிபன் ஏற்பாடு செய்த தலைவர் அவர்களுக்கும், கணக்கை ஒரு காசு பிசகாமல் வைத்திருக்கும் பொருளாளருக்கும் நன்றி. செயற்குழு உறுப்பினர்களுக்கும், கூட்டங்களுக்கு வந்த அளவுக்கு, நன்றி.

வரும் ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. மன்றம் இல்லாத இடத்துக்கு நிதிக்குழு மானியம் நிற்கும். 2016 அக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்களை வைத்து ஓட்டியபோது இதைப் பார்த்தவர்கள் நாம். தேர்தல் வந்தால் முதல் முறை செக்கில் கையெழுத்துப் போடும் புதுத் தலைவர்கள் பையோடு வருவார்கள். அப்போது மேசை இருக்குமா என்பது இந்த அவையின் கையில். எனக்கு முழங்கால் வலி, வீட்டிலும் பேச்சு வாங்குகிறேன். சனிக்கிழமைக்கு இரண்டு பேர் கிடைத்தால் தொடரலாம். செயலாளர் பதவிக்கு யாராவது முன்வந்தால் மனமுவந்து சாவியைத் தருகிறேன், பீரோ சாவியையும் சேர்த்து.

ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில், இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில்லறையும் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்