இருபது வயதுப் பையனுக்கு இறுதி அறிக்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வருடமாக அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் பிரிட்ஜ்வாட்டர் என்ற ஊரில் இருக்கிறேன். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் உங்கள் நாளிதழை செல்போனில் படித்துவிடுவேன். இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு இணைப்பில், அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்க பேஸ்பால் டிராஃப்டைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழில் இதையெல்லாம் எழுதுகிறார்களே என்று ஆசையாகப் படித்தேன். ஆனால் கடைசியில் இருந்த பெட்டிச் செய்தியைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ‘வீணாய்ப் போன கோடிகள்’ என்று தலைப்பு. அதன் கீழே டிராஃப்டில் எடுக்கப்பட்ட பதினொரு பையன்களின் பெயர், ஒப்பந்தத்துக்கு வாங்கிய பணம், அடித்த சராசரி. அதில் ஜார்ஜ் லம்பார்ட் ஜூனியர் பெயரும் இருந்தது.

அந்தப் பையன் 2025-ல் பெரும்பாலும் ஆடியது எங்கள் ஊரில்தான். நியூயார்க் யாங்கீஸ் அணியின் டபுள் ஏ (பெரிய அணிக்கு இரண்டு படி கீழே) கிளையான சாமர்செட் பேட்ரியாட்ஸ் இங்கே பிரிட்ஜ்வாட்டரில் ஆடுகிறது. ரயில் நிலையத்தை ஒட்டியே மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போய்விட்டு, மதியம் ஆட்டத்துக்குப் போவது எனக்குப் பல வருட வழக்கம். அதனால் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பேஸ்பால் பழகாத வாசகர்களுக்காக ஒரு விஷயம். இங்கே டிராஃப்டில் எடுக்கப்பட்ட பையன், ஐபிஎல் ஏலத்தில் எடுத்த ஆட்டக்காரர் மாதிரி அடுத்த மாதமே பெரிய மைதானத்தில் இறங்குவதில்லை. ஜூலை மாதம் 30 அணிகளும் முறைவைத்து ஆள் எடுக்கின்றன. இப்போது மொத்தம் 20 சுற்று. பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பையனும் இருப்பான், கல்லூரியில் மூன்று வருடம் ஆடிய இருபத்தொரு வயதுக்காரனும் இருப்பான். எடுத்த பிறகு மைனர் லீக் என்ற ஏணி. ரூக்கி, லோ ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். பலர் நடுவிலேயே நின்றுவிடுவார்கள்.

லம்பார்டை 2023-ல் யாங்கீஸ் முதல் சுற்றில், 26-வது ஆளாக, மயாமியில் ஒரு பள்ளியிலிருந்து எடுத்தார்கள். 2025 மே மாதம் டபுள் ஏ-வுக்கு ஏற்றியபோது அவனுக்கு வயது பத்தொன்பது. ஜூன் 2-ஆம் தேதிதான் இருபது முடிந்தது. அந்தப் படியில் பந்து வீசுகிறவர்களில் பலர் 24, 25 வயதுக்காரர்கள், கல்லூரியில் ஆடி முடித்தவர்கள். அவர்களை எதிர்த்து அவன் அடித்த சராசரி .215, அதாவது மட்டை பிடித்த ஆயிரம் தடவைக்கு 215 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸ் என்ற மூலையைப் பிடிப்பது) என்ற கணக்கு. உங்கள் கட்டுரை அந்த எண்ணை மட்டும் போட்டது. வயதைப் போடவில்லை. எந்தப் படியில் ஆடினான் என்று போடவில்லை. தப்பான பந்துகளை அடிக்காமல் விட்டு நடையில் பேஸுக்குப் போனதையும் சேர்த்தால், ஏறத்தாழ மூன்று தடவைக்கு ஒரு தடவை அவன் பேஸ் ஏறியிருக்கிறான். அதுவும் அந்தப் பெட்டியில் இல்லை. இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் அவன் பந்தைப் பிடித்து எறிவதை நேரில் பார்க்க வேண்டும். வயலில் வேலை தெரிந்தவர் கதிர் அரிவதைப் பார்ப்பது போல் அத்தனை சுலபமாக இருக்கும்.

நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறேன். நோயாளியின் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவு. ரத்தத்தைப் பாட்டிலில் ஏற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் இயந்திரத்துக்குள் வைப்போம். இரண்டாம் நாள் ஒன்றும் வளரவில்லை என்றால் ‘இதுவரை வளர்ச்சி இல்லை’ என்று முதல்கட்ட அறிக்கை அனுப்புவோம். பாட்டிலை வெளியே எடுத்து வீசிவிட மாட்டோம். ஐந்து நாள் முடிந்த பிறகுதான் இறுதி அறிக்கை. காசநோய்க் கிருமி என்றால் ஆறு வாரம், எட்டு வாரம்கூடக் காத்திருப்போம். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு காலம் இருக்கிறது, அதற்கு முன் கையெழுத்துப் போட்டால் எங்கள் வேலையே போய்விடும். அந்தப் பெட்டிச் செய்தி எனக்கு இரண்டாம் நாள் போட்ட இறுதி அறிக்கையாகத்தான் தெரிந்தது.

இங்கே 2022 ஏப்ரலில் நடந்ததைச் சொல்கிறேன். ஆன்டனி வோல்பி அந்த வருடம் எங்கள் ஊர் அணியில் இருந்தான். அவன் எங்கள் பக்கத்துப் பையன். வாட்சங்கில் வளர்ந்தவன், மாரிஸ்டவுனில் டெல்பார்டன் பள்ளியில் படித்தவன். 2019-ல் யாங்கீஸ் அவனை முதல் சுற்றில் 30-வது ஆளாக எடுத்தது. முதல் வருடம் ரூக்கி அணியில் 34 ஆட்டத்தில் சராசரி .215. அந்தக் கோடையில் அவனுக்கு உடம்பை உருக்குகிற சுரம் வேறு. அடுத்த வருடம் கொரோனாவால் மைனர் லீக்கே நடக்கவில்லை. 2021-ல் திடீரென்று 27 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தான். சரி, பெரிய ஆளாகிவிட்டான் என்று ஊரே கொண்டாடியது. 2022 ஏப்ரலில் பிரிட்ஜ்வாட்டருக்கு வந்தான். அப்போது மறுபடியும் .200-க்குக் கீழே போய்விட்டது.

அந்த ஏப்ரல் இரவுகள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கின்றன. எலும்பைக் குடையும் குளிர். மைதானத்தில் பாதி இருக்கை காலி. சால்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பின்வரிசையில் ஒருவர் ஒவ்வொரு தடவையும், அவன் அவுட் ஆனதும், ‘இவன் அவ்வளவுதான், பணம் போச்சு’ என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். மே மாதம் நடுவிலும் அதே கதைதான். அப்புறம் வெயில் வந்தது, பையனும் எழுந்தான். செப்டம்பரில் ட்ரிபிள் ஏ-வுக்கு ஏறிவிட்டான். அந்த ஆண்டு மொத்தம் 21 ஹோம் ரன், 50 பேஸ் திருட்டு (பந்து வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது). 2023-ல் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் ஆனான். முதல் ஆண்டிலேயே சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கினான்; அதே ஆண்டில் அடித்த சராசரி வெறும் .209. சாம்பியனைத் தீர்மானிக்கும் 2024 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்க ஹோம் ரன் அடித்தான். நான் வீட்டில் சோபாவிலிருந்து எழுந்து நின்று அழுதேன். 2025-ல் தோள்பட்டைக் காயத்தோடு ஆடித் தடுமாறினான், சொந்த மைதானத்திலேயே கூச்சல் போட்டார்கள், அக்டோபரில் அறுவை சிகிச்சை நடந்தது.

இப்போது சொல்லுங்கள், 2019-ல் எடுத்தது சரியா தவறா? ஆறு வருடம் கழித்தும் எனக்கு முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. பின்வரிசைக்காரருக்கு ஆறு வாரத்தில் தெரிந்துவிட்டது.

யாங்கீஸ் ரசிகர்கள் இதை மறக்கவே கூடாது. டெரெக் ஜீட்டரை 1992-ல் ஆறாவது ஆளாக எடுத்தார்கள். அந்தக் கோடையில் ரூக்கி அணியில் அவர் அடித்தது .202. வீட்டு ஞாபகத்தில் இரவில் அழுததை அவரே சொல்லியிருக்கிறார். அடுத்த வருடம் கிரீன்ஸ்பரோ மைனர் லீக் அணியில் 56 எரர் (ஃபீல்டிங்கில் செய்யும் பிழை). ஒரே பருவத்தில் 56! அன்றைக்கு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தால் முதல் பெயர் அவருடையதாகத்தான் இருந்திருக்கும். மூன்று வருடத்தில் ஆண்டின் சிறந்த புதுமுகம், கடைசியில் 3,465 ஹிட்டோடு ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்தில் இடம். ஆரன் ஜட்ஜ் 2016 ஆகஸ்டில் பெரிய அணிக்கு வந்து, 84 தடவை மட்டை பிடித்ததில் 42 தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆனார். அடுத்த வருடம் 52 ஹோம் ரன். எங்கள் மாநிலத்தின் தென்கோடியில் மில்வில் என்ற சின்ன ஊரிலிருந்து வந்து பின்னாளில் பெரிய நட்சத்திரமான மைக் ட்ரவுட், 2011-ல் பத்தொன்பது வயதில் பெரிய அணிக்கு வந்து, அந்த வருடம் முதல் 40 ஆட்டத்தில் அடித்தது .220.

டெல்பார்டனில் வோல்பியோடு ஆடிய இன்னொரு பையன், பந்து வீசுகிற ஜாக் லைட்டர். கல்லூரிக்குப் போய்விட்டு 2021 டிராஃப்டில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்கு இரண்டாவது ஆளாகப் போனான். டபுள் ஏ-வில் அடி வாங்கினான். 2024-ல் பெரிய அணியில் இன்னும் மோசமாக அடி வாங்கினான். 2025-ல் அதே அணியில் பருவம் முழுக்க நின்று பந்து வீசினான். அவனோடு வாண்டர்பில்ட் கல்லூரியில் பந்து வீசிய குமார் ராக்கரின் பெயரைப் பார்த்து நம்மவர்கள் பலர் என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளி. 2021-ல் மெட்ஸ் அணி அவனைப் பத்தாவது ஆளாக எடுத்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமல் விட்டுவிட்டது. மறு வருடம் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023-ல் முழங்கையில் அறுவை சிகிச்சை, 2024 செப்டம்பரில் பெரிய மைதானம். அவன் வாழ்க்கையில் எத்தனை தடவை முடிவுரை எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

எல்லாரும் தேறிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. யாங்கீஸ் 1991-ல் முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர் 15.5 லட்சம் டாலர் வாங்கினார். 1993 டிசம்பரில் ஒரு சண்டையில் பந்து வீசும் தோள் போனது, பெரிய மைதானத்தைப் பார்க்கவே இல்லை. 2013-ல் ஹூஸ்டன் முதல் ஆளாக எடுத்த மார்க் அப்பெல் காயங்களால் 2018-ல் ஆட்டத்தையே விட்டுப் போனார். ஆனால் அவர் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து, 2022 ஜூனில், முப்பத்தொன்று முடியச் சில வாரம் இருக்கும்போது பிலடெல்பியாவுக்காக முதல் பந்து வீசினார். ஆறே ஆட்டம்தான். அந்த ஆறும் அவருடையவை. ஹூஸ்டன் கணக்குப்படி அது தோற்ற தேர்வு, நானும் ஒத்துக்கொள்கிறேன். அதைச் சொல்ல அத்தனை வருடம் தேவைப்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவசரத் தீர்ப்பால் முதல் சுற்றுப் பையனுக்கு மனசு வலிக்கும், ஆனால் அவன் மேல் கொட்டிய பணமே அவனைக் காப்பாற்றும். அணி அவனை எளிதில் கைவிடாது. பதினைந்தாம் சுற்றில், பதினெட்டாம் சுற்றில் சின்னத் தொகைக்கு வந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒன்றிரண்டு வருடம் அடிக்கவில்லை என்றால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். 2022-ல் டபுள் ஏ ஆட்டக்காரரின் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 13,800 டாலர். சங்கம் வைத்துப் பேசிய பிறகு 2023-லிருந்து 30,250 ஆனது. செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள் ஆட்டம், திங்களன்று மெய்ன் மாநிலம் வரைக்கும் பஸ். மைக் பியாஸாவை 1988-ல் 62-வது சுற்றில், 1,390-வது ஆளாக எடுத்தார்கள். அவர் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். 20 சுற்றோடு நிறுத்திவிடும் இன்றைய டிராஃப்டில் அவருக்கு இடமே கிடையாது. அவசரம் கூடக்கூட வாசல் சின்னதாகிக்கொண்டே போகிறது. இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

என் மகனும் ஷார்ட்ஸ்டாப் ஆடினான். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணிக்கு மூன்று நாள் தேர்வு வைத்தார்கள். அந்த மூன்று நாளும் அவனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது, சொல்லாமல் ஓடினான். நான்காம் நாள் கதவில் ஒட்டிய தாளில் அவன் பெயர் இல்லை. பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பெரிய ஆட்டக்காரனாகியிருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. அவ்வளவு திறமை இருந்ததா என்று எனக்கும் அவனுக்கும் தெரியாமலே போய்விட்டது. அவனுடைய கிளவ் இன்னும் கராஜில் ஆணியில் தொங்குகிறது. இப்போது அவன் டென்வரில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் என்னோடு ஆட்டத்துக்கு வருவான், ஷார்ட்ஸ்டாப் நிற்கிற பையனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

என் வேண்டுகோள் பெரியதில்லை. அடுத்த ஜூலையில் டிராஃப்ட் பற்றி எழுதும்போது, எழுதத்தான் வேண்டும், நம் பிள்ளைகளும் இங்கே ஆடுகிறார்கள், சராசரியின் பக்கத்தில் வயதையும் எந்தப் படியில் ஆடினான் என்பதையும் அச்சிடுங்கள். காயம் இருந்தால் ஒரு வரி சேருங்கள். தீர்ப்பு எழுத வேண்டும் என்றால் 2019, 2020-ல் எடுத்தவர்களைப் பற்றி எழுதுங்கள். அந்தப் பதினொரு பேரின் பட்டியலை வெட்டி எடுத்து, மேலே ‘முதல்கட்ட அறிக்கை’ என்று பேனாவால் எழுதி, என் லேப் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். 2030-ல் அதே பட்டியலை நீங்கள் மறுபடி வெளியிட்டால் மகிழ்ச்சி.

இங்கே இன்னும் பனி கரையவில்லை. ஏப்ரலில் ஆட்டம் தொடங்குகிறது. மூன்றாவது பேஸ் பக்கத்து இருக்கைக்குப் பணம் கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி