சாஸ்நாலாவில் சேட் யாரும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரில் ‘காலா பத்தர்’ என்ற இந்திப் படம் பற்றிய கட்டுரை படித்தேன். அமிதாப்பின் கோபம், சத்ருகன் சின்ஹாவோடு அவருக்கு நடக்கும் மோதல், சலீம் ஜாவேத் எழுத்து, ராஜேஷ் ரோஷன் பாட்டு எல்லாம் வந்திருந்தது, சரி. ஆனால் அந்தப் படத்துக்கு மூலமான சாஸ்நாலா நிலக்கரிச் சுரங்க விபத்துக்கு ஒரே ஒரு வரிதான், அதிலும் “தனியார் முதலாளியின் பேராசையால் நடந்த விபத்து” என்று போட்டுவிட்டீர்கள். அது படத்தின் கதை. நிஜத்தில் நடந்தது வேறு.

எண்பதுகளில் ஜரியா பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் சில வருஷம் சர்வேயராக இருந்தவன் நான், அதனால்தான் இந்தக் கடிதம்.

1975 டிசம்பர் 27, சனிக்கிழமை, மதியம் ஒன்றரை மணி வாக்கில் அது நடந்தது. தன்பாத்துக்குத் தெற்கே, தாமோதர் ஆற்றுப் பக்கம் இருக்கிறது சாஸ்நாலா. மேலே பழைய வெட்டில், அதாவது முன்பே கரி எடுத்துவிட்டுப் போன குழியில், தேங்கிக் கிடந்த தண்ணீர் உடைத்துக்கொண்டு கீழே ஆழத்தில் இருந்த சுரங்கத்துக்குள் பாய்ந்தது. இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 372 பேர், 375 என்று எழுதுபவர்களும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பெரிய பம்புகள் வரவழைத்து இறைத்தும் முதல் உடல்களை எடுக்க வாரக்கணக்கில் ஆயிற்று.

அந்தச் சுரங்கம் இந்தியன் அயர்ன் அண்ட் ஸ்டீல் கம்பெனியுடையது. அதன் நிர்வாகத்தை 1972-லேயே மத்திய அரசு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆக விபத்து நடந்த அன்றைக்கு அங்கே படத்தில் முதலாளியாக வரும் பிரேம் சோப்ரா மாதிரி சேட் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, இருந்ததெல்லாம் சம்பளம் வாங்கும் அதிகாரிகள். அதுவும் எமர்ஜென்சி காலம். 1979-ல் படம் எடுத்தவர்கள் ஏன் வில்லனைத் தனியார் முதலாளியாக்கினார்கள் என்று எனக்குப் புரிகிறது, ஒரு முகம் இருந்தால்தான் அமிதாப் அடிக்க முடியும், ஆபீஸ் ஃபைலை யார் அடிப்பது!

ஒன்று மட்டும் படம் சரியாகப் பிடித்தது. இந்தப் பக்கம் வெட்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று சசி கபூர், எஞ்சினியராக வருபவர், முன்னாலேயே எச்சரிப்பார். அதுதான் விஷயமே. 1957-ம் ஆண்டு நிலக்கரிச் சுரங்க விதிகளில் 127-வது விதி இதற்காகவே இருந்தது (2017-ல் புது விதிகள் வந்துவிட்டன). கைவிட்ட பழைய வெட்டிலிருந்து 60 மீட்டருக்குள் போகவேண்டுமென்றால் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும், வெட்டு முகத்துக்கு (கரி வெட்டிக்கொண்டு போகும் சுவருக்கு) முன்னால் குறைந்தது 3 மீட்டராவது துளை போட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நகரவேண்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் அந்த 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? பழைய வரைபடத்திலிருந்துதான். பழுத்துப்போன துணி ஒட்டிய தாள், மடித்த இடமெல்லாம் கிழிசல், கோடு எங்கே முடிகிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடியிருக்கிறேன். அந்தக் கோடும் கடைசியாக அளந்த நாளோடு நின்றுவிடும், அதற்கப்புறம் மல்கட்டாக்கள் (அங்கே கரி வெட்டுபவர்களுக்கு அதுதான் பேர்) இன்னும் நாலு நாள் வெட்டியிருந்தால் அது தாளில் ஏறியிருக்காது.

படத்தை நான் அங்கேயே ஒரு தியேட்டரில் பார்த்தேன், கூட எங்கள் சுரங்க சர்தார், அதாவது மேஸ்திரி, ஒருவர். வெளியே வந்து டீ குடிக்கும்போது, “சேட்டைக் காட்டிட்டாங்க சர்வே பாபு, நக்ஷா போட்டவனைக் காட்டவே இல்லையே” என்று சிரித்தார். நக்ஷா என்றால் வரைபடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தலைமை அலுவலகம் அதே தன்பாத்தில்தான் இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அப்புறம் வழக்கு. 2012-ல்தான் தீர்ப்பு வந்தது, இரண்டு அதிகாரிகளுக்கு ஓராண்டு சிறை. குற்றம் சாட்டப்பட்ட மற்ற இருவர் அதற்குள் இறந்தே போயிருந்தார்கள். முப்பத்தாறு வருஷம் இழுத்த இந்தக் கதையை எந்தப் படமும் எடுக்கவில்லை.

சுரங்கங்கள் அரசு கைக்கு வந்து சேட்டுகள் போனபிறகு தண்ணீர் நின்றுவிட்டதா என்றால் இல்லை. 1989-ல் ராணிகஞ்ச் மகாவீர் சுரங்கம், 1995-ல் கஸ்லிதாண்ட், 64 பேர் பலி, 2001-ல் பாக்டிகி, 29 பேர் பலி. மூன்றும் அரசு நிறுவனச் சுரங்கங்கள். இதில் மகாவீரில் ஜஸ்வந்த் சிங் கில் என்ற சுரங்க எஞ்சினியர் இரும்புக் கூண்டில் தானே கீழே இறங்கி 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பினார், அதை வைத்து 2023-ல் அக்‌ஷய் குமார் நடித்து இந்திப் படமும் வந்தது. நல்ல மனிதர், படமாக்க வேண்டிய கதைதான். பாக்டிகியில் பக்கத்துப் பழைய சுரங்கத்துத் தண்ணீர்தான் உடைத்து வந்தது, அங்கே கூண்டுக்கு வேலையே இருக்கவில்லை, அதனால் படமும் இல்லை.

கட்டுரையாளர் மீது எனக்கு வருத்தமில்லை, படத்தை மட்டும் பார்த்தவர் அப்படித்தான் எழுதுவார். வரும் ஞாயிறு ஓரமாக ஒரு திருத்தம் போடுங்கள். “தனியார் முதலாளி” என்ற இரண்டு சொல்லை எடுத்துவிட்டு, 1972-ல் நிர்வாகம் யார் கையில் போனது என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்க சர்வேயர்,
கரூர்.